பப்பாளிப் பழ நிறத்தில் ஒரு கோட்டு

செமோர்
11 மே 2025

ரசாக் பாய் அவர்களுக்கு,

முதலில் என் எழுத்துக்காக மன்னிக்க வேண்டும். கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன். ஆனாலும் எழுத்து ஒரு வரியில் பெரிதாகவும் அடுத்த வரியில் சிறிதாகவும் போகிறது, வரி முடிவதற்குள் கோட்டை விட்டுக் கீழே இறங்கிவிடுகிறது. 'ழ' வந்தால் பேனாவை நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு பிறகுதான் சுழிக்கிறேன். அதனால் அந்த இடங்களில் எல்லாம் மை திட்டுத் திட்டாக இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

ஆமாம் பாய், எழுதுவது நான்தான். பத்துமலை. மருமகள் தினேஸ்வரி பக்கத்தில் இல்லை. அவள் அடுத்த அறையில் யாரோ ஒரு பெண்ணின் ரவிக்கை தைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு எழுத்துகூட அவளைக் கேட்கவில்லை.

நீங்கள் கடையை மூடிவிட்டு மகள் நஜ்லாவோடு ஆஸ்திரேலியாவுக்குப் போனபின் எனக்கு வரும் தாள்களைப் படித்துச் சொல்ல ஆளில்லாமல் போனது. ஈப்போ லகாட் ரோட்டில் உங்கள் துணிக்கடைக்கு எடுத்து வந்து, கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்வேன் அல்லவா? கரண்டு பில்லானாலும் கல்யாணப் பத்திரிகையானாலும் எனக்கு அது உங்கள் குரலில்தான் தெரியும். கான்பெராவிலிருந்து உங்கள் முதல் கடிதம் வந்தபோது தினேஸ்வரி படித்தாள். நீங்கள் என்னைத் திட்டியிருந்த இடங்களை எல்லாம் அவள் மரியாதையாகப் படித்தாள். எனக்கு அது ஒத்துவரவில்லை. அந்த வாரமே கோயில் மண்டபத்தில் சுவர்ணா டீச்சர் நடத்தும் பெரியவர்கள் வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டேன். என்னைத் தவிர எல்லாரும் பெண்கள். "தாத்தா, சிலேட்டை மறைக்காதீங்க, நாங்களும் பாத்து எழுதணும்லா" என்று கிண்டல் வேறு.

போன வாரம் வந்த உங்கள் கடிதத்தை நானே படித்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கி விளக்கு வைக்கும் நேரத்தில் முடித்தேன். படிக்கத் தெரிந்த சந்தோஷம் பாதியிலேயே போய்விட்டது. அங்கே காலையில் புகை போலப் பனி இறங்குமாம். மாப்பிள்ளை கொடுத்த சாம்பல் நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டு நடக்கப் போனீர்களாம். கார்காரன் மேலே ஏற்ற இருந்தவன் கடைசி நேரத்தில்தான் பார்த்தானாம். அந்தப் பதற்றத்தில் வழி மாறி எங்கேயோ போய், போலீஸ் வண்டியில் வீடு வந்தீர்களாம். அன்றிலிருந்து நஜ்லா நீங்கள் காலில் போடும் சப்பாத்தைத் தன் காரில் வைத்துப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறாளாம். டாக்டர் என்னவென்றால், நடக்காமல் இருந்தால் கால் விழுந்துவிடும் என்கிறாராம். நடக்கவும் வேண்டும், வெளியே போகவும் கூடாது. யார்தான் என்ன செய்வது!

பாய், நான் ஒன்று யோசித்திருக்கிறேன். சனிக்கிழமை ஈப்போவில் மழைக்கு ஒரு கடைவாசலில் ஒதுங்கினேன். எதிர்ச்சாரியில் ஒரு பெயர்ப்பலகைகூடத் தெரியாத மழை. ஆனால் அங்கே ஒரு கடையில் ஆள் உயரத்துக்குக் கரடி பொம்மை ஒன்று உட்கார்ந்திருந்தது, பப்பாளிப் பழ நிறத்தில். அது மட்டும் பளிச்சென்று தெரிந்தது. அந்தக் கரடித் துணியில் உங்களுக்கு ஒரு கோட்டு தைக்கப் போகிறேன். குளிருக்கும் ஆகும், பனியிலும் ஆள் தெரியும். மிருக ரோமம் இல்லை, நைலான்தான். கடைக்காரப் பெண்ணிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன், அதனால் அந்தச் சந்தேகம் வேண்டாம்.

போனில் பேசலாம் என்றால் உங்கள் காது இருக்கும் நிலை தெரியும். ஆகவே அளவு எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பத்துமலை


கான்பெரா
22 மே 2025

அன்புள்ள பத்துமலைக்கு,

உன் கடிதம் வந்தது. உறையின் மேல் இருந்த எழுத்தைப் பார்த்து யாரோ பள்ளிக்கூடப் பிள்ளை அனுப்பியது என்று நினைத்துப் பேரனிடம் கொடுக்கப் போனேன். உள்ளே உன் பெயர். மாஷா அல்லாஹ்! கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தேன். நஜ்லாவிடம் காட்டினேன். "பத்துமலை மாமாவா எழுதுனது? போங்க வாப்பா" என்றாள். நீயேதான் என்று அந்த 'ழ'க்களைக் காட்டிச் சத்தியம் செய்தேன்.

எழுத்து மோசம்தான். அதை இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நிறுத்தாதே.

இங்கே என் நிலை நீ படித்தது போலத்தான். சன்னல் ஓரம் ஒரு நாற்காலி, மடியில் ஒரு கம்பளி. எதிரே ஒரு பூங்கா, அதற்குள் ஒரு நடைபாதை, அந்தப் பாதை ஒரு மரப்பாலம் வரை போகிறது. நான் பார்க்கிறேன், பாலம் என்னைப் பார்க்கிறது. காலையில் நஜ்லா புறப்படும்போது, "வாப்பா, கதவைத் தொறக்காதீங்க. சப்பாத்து எங்கிட்ட இருக்கு, தெரியும்லா?" என்கிறாள். எழுபத்தாறு வயதில் சப்பாத்துக்குக் காவல்! அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. போலீஸ் வண்டியிலிருந்து நான் இறங்கியபோது அவள் முகத்தைப் பார்த்தவன் நான். ஆனால் எழுந்து நிற்கும்போது முழங்கால் நடுங்க ஆரம்பித்திருக்கிறது. வீட்டுக்குள்ளேயே நட என்கிறாள். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடப்பது ஒரு நடையா?

உன் கோட்டு விஷயம். நீ வாழ்நாளில் ஒரு பொத்தான் தைத்திருப்பாயா? அது கிறுக்குத்தனம், விட்டுவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நான் சொன்னாலும் நீ கேட்கப் போவதில்லை. துணியாவது பாழாகாமல் இருக்கட்டும் என்று சொல்கிறேன். மார்பு நாற்பத்திரண்டு, கை இருபத்து நான்கு, முழங்காலுக்கு மேல் நிற்கட்டும்.

கேள். ரோமத் துணிக்குக் கத்தரிக்கோல் போடக் கூடாது. போட்டால் ரோமமும் சேர்ந்து வெட்டுப்பட்டு, தையல் வரும் இடமெல்லாம் சிரைத்த தலை போல இருக்கும். துணியைக் கவிழ்த்துப் போட்டு, ரோமம் ஒட்டியிருக்கும் முதுகுத் துணியை மட்டும் கத்தி நுனியால் கீறு. ரோமம் எல்லாத் துண்டிலும் மேலிருந்து கீழே படிய வேண்டும். தைக்கும்முன் விளிம்பில் இருக்கும் ரோமத்தை உள்பக்கம் தள்ளிவிடு. நிறம் மட்டும் கொஞ்சம் அடக்கமாகப் பார். கரும்பச்சை, கருநீலம், அப்படி ஏதாவது. நான் யார் என்று ஈப்போவில் நாலு பேருக்குத் தெரியும்.

உன்,
அப்துல் ரசாக்


செமோர்
8 ஜூன் 2025

ரசாக் பாய் அவர்களுக்கு,

அடக்கமான நிறம் வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படிப்பதற்குள் துணி வாங்கியாகிவிட்டது. பப்பாளி நிறம்தான். பொம்மை செய்கிறவர்களிடம் மிஞ்சியதாம், கடையில் இருந்ததை முழுக்கக் கொடுத்துவிட்டாள் அந்தப் பெண். கருநீலத்தில் ஒரு ஆள் பனிக்குள் நின்றால் யாருக்குத் தெரியும் பாய்? உங்கள் சாம்பல் கோட்டுக்கு அது தம்பி.

துணியை விரித்ததும் தினேஸ்வரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "மாமா, இது சட்டைத் துணி இல்ல, பொம்மைத் துணி. என் மிஷின் ஊசி ஒடஞ்சா நீங்கதான் பதில் சொல்லணும்" என்றாள். பிறகு அவளே பதினெட்டாம் நம்பர் ஊசி வாங்கி வந்தாள். காகிதத்தில் அளவு வரைந்து கொடுத்ததும் அவள்தான். வெட்டுவது என் வேலை என்று நான் சொல்லிவிட்டேன்.

நீங்கள் சொன்ன மாதிரி துணியைக் கவிழ்த்துப் போட்டேன். ரப்பர்த் தோட்டத்தில் நான் பிடித்த பழைய பால்வெட்டுக் கத்தியைத் தீட்டி எடுத்தேன். மேல்பட்டை மட்டும் கீற வேண்டும், உள்ளே மரத்துக்குக் காயம் படக் கூடாது. இந்தக் கைக்கு வேறு என்ன தெரியும்? முதுகு வெட்டினேன், கை இரண்டும் வெட்டினேன், ஒரு முன்பக்கம் வெட்டினேன். ஒரு ரோமம் அறுபடவில்லை. தினேஸ்வரி துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பரவால்லயே மாமா" என்றாள். அதைக் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. தப்பு அங்கேதான் நடந்தது.

அவள் கடைக்குப் போகும்போது, "அந்த முன்பக்கக் காகிதத்தையே குப்புறத் திருப்பிப் போட்டு இன்னொண்ணு வெட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். திருப்பிப் போட்டேன். தோள் சரிவு வலது மேலே தொடங்கி இடது கீழே இறங்குகிறது. கை ஓடவில்லை பாய். ரப்பர் மரத்தில் கோடு எப்போதும் இடது மேலிருந்து வலது கீழேதான் இறங்கும். மாற்றிக் கீறினால் கங்காணி மரத்தடியில் நிற்கவைத்துத் திட்டுவார், அந்த மரத்துப் பாலும் குறைந்துபோகும். காகிதத்தைத்தான் தப்பாகப் போட்டுவிட்டேன் என்று நினைத்து, மறுபடி திருப்பிச் சரியாக வைத்து, அழகாகக் கீறி எடுத்தேன்.

தினேஸ்வரி வந்தாள். இரண்டு துண்டையும் என் மார்பில் வைத்துப் பார்த்தாள். ஒன்று சரியாகப் பொருந்தியது. இன்னொன்றில் ரோமம் உள்ளே போய் முதுகுத் துணி வெளியே வந்தது. "மாமா, ரெண்டும் இடது பக்கம்" என்றாள். நான் அப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பி வாதாடிப் பார்த்தேன். பிறகு வாசலில் போய் நின்றுகொண்டேன்.

பப்பாளி நிறம் துளியும் மிச்சமில்லை. பஸ் ஏறி ஈப்போ போனேன். கடையிலும் இல்லை. அதே துணியில் இருந்தது கிளிப்பச்சை ஒன்றுதான். வாங்கிக்கொண்டு வந்தேன். ஆகவே பாய், உங்கள் கோட்டுக்கு முதுகு, கை, இடது முன்பக்கம் எல்லாம் பப்பாளி. வலது முன்பக்கம் மட்டும் கிளிப்பச்சை. தப்பாக வெட்டிய துண்டும் வீண்போகவில்லை, தலைக்குப் போடும் குல்லாவாக ஆகிவிட்டது. நான் இழுத்துப் பிடிக்க தினேஸ்வரி மிஷினை மிதித்தாள், அவள் பிடிக்க நான் மிதித்தேன். தையலில் மாட்டிய ரோமத்தை ஊசியால் ஒவ்வொன்றாக நெம்பி வெளியே எடுத்துவிட்டேன். இப்போது தையல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. ஒருநாள் மறதியாக மேலே தொங்கும் காற்றாடியைச் சுழலவிட்டேன். சோற்றில், தேநீரில், சாமி படத்தில் எல்லாம் பப்பாளி ரோமம். அவள் இன்னும் கூட்டிக்கொண்டிருக்கிறாள்.

மாட்டிப் பார்த்தேன். வியர்த்துக் கொட்டியது. ஆனால் பாய், கண்ணாடியில் ஒரு ராஜா நிற்கிற மாதிரி இருந்தது! உள்பக்கத்துக்கு ஒரு கைலியை வைத்துத் தைக்கிறோம். இந்த வாரம் அனுப்பிவிடுவேன்.

இப்படிக்கு,
பத்துமலை


கான்பெரா
19 ஜூன் 2025

பத்துமலைக்கு,

அனுப்பாதே.

ஒரு பக்கம் பப்பாளி, ஒரு பக்கம் கிளி. என்னை என்ன பழக்கடை என்று நினைத்தாயா? லகாட் ரோட்டில் நாற்பது வருடம் துணி விற்றவன் நான். சேலைக்கு ஒரு நூல் நிறம் ஒத்துவராத ரவிக்கைத் துணியைக்கூட எடுத்துக் கொடுத்ததில்லை. வெள்ளைச் சட்டை தவிர வேறு போட்டு என்னை யாராவது பார்த்திருக்கிறார்களா? அதைப் போட்டுக்கொண்டு இந்தத் தெருவில் போனால் பிள்ளைகள் பின்னால் வருவார்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு அதில் போய் நிற்கச் சொல்கிறாயா?

நேற்று நாற்காலியிலிருந்து இரண்டு முறை எழுந்திருக்கப் பார்த்தேன். இரண்டு முறையும் முடியவில்லை. நஜ்லாதான் வந்து தூக்கினாள். இன்று அவள் யாரிடமோ போனில் நடைவண்டிக்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறாள். நாலு கால் வைத்த இரும்புச் சட்டம், கிழவர்கள் பிடித்துக்கொண்டு நகர்வார்களே, அது. இந்த நேரத்தில் உனக்கு வேடிக்கை.

நாலு எழுத்துப் படித்ததும் ஊருக்கே யோசனை சொல்லக் கிளம்பிவிட்டாய். நீ எழுதப் படிக்கக் கற்காமலே இருந்திருக்கலாம்.

அப்துல் ரசாக்


செமோர்
2 ஜூலை 2025

ரசாக் பாய் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. கோட்டு அதற்கு முன்பே போய்விட்டது. அனுப்பாதே என்று நீங்கள் எழுதிய நேரத்தில் அது விமானத்திலோ கப்பலிலோ இருந்திருக்கும். திருப்பி அழைக்க வழியில்லை.

நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதை நீங்கள் நம்ப வேண்டும். நான் வேடிக்கைக்குச் செய்யவில்லை.

கடைசியில் இருக்கும் வரியையும் படித்தேன். முன்பாக இருந்தால் தினேஸ்வரி படித்திருப்பாள், அந்த வரி வந்ததும் இருமிவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பாள். படிக்கத் தெரிந்தால் இதையும் தானே படித்துத்தான் ஆக வேண்டும் என்று டீச்சர் சொல்லித் தரவில்லை.

கோட்டு பிடிக்கவில்லை என்றால் கால் துடைக்கப் போட்டுக்கொள்ளுங்கள். கால் மட்டும் நடக்கட்டும்.

பத்துமலை


செமோர்
27 ஜூலை 2025

ரசாக் பாய் அவர்களுக்கு,

உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தபால்காரர் சைக்கிள் மணி அடித்தால் நான் எழுந்துவிடுகிறேன். மோட்டார் சைக்கிளில்தான் வருகிறார், ஆனாலும் யாருடைய சைக்கிள் மணி அடித்தாலும் எழுந்துவிடுகிறேன்.

கோபமாக இருக்கிறீர்களா, உடம்பு சரியில்லையா என்று தெரியவில்லை. கோபம் என்றால் எனக்குச் சம்மதம். எத்தனை பக்கம் வேண்டுமானாலும் திட்டி எழுதுங்கள். நான் முழுவதும் படிக்கிறேன். இப்படிச் சத்தமே இல்லாமல் இருப்பதுதான் முடியவில்லை. அங்கே பனி இன்னும் கூடியிருக்கிறது என்று செய்தியில் சொன்னார்கள். எனக்கு அந்தக் காரும் அந்த ரோடுமே கண்ணில் நிற்கிறது.

மானத்தைப் பார்க்காமல் முந்தாநாள் தினேஸ்வரியிடம் சொன்னேன். அவள் நஜ்லாவுக்குச் செய்தி போட்டாள். பதில் வந்தது. "வாப்பா நல்லா இருக்காங்க. மீதிய அவங்களே எழுதுவாங்களாம், நான் சொல்லக் கூடாதாம்லா மாமா." இவ்வளவுதான்! தினேஸ்வரியின் போனை வாங்கி நானே பலமுறை படித்துவிட்டேன். அதற்குள் வேறு எதுவும் ஒளிந்திருக்கவில்லை.

நன்றாக இருக்கிறீர்கள் என்ற மட்டில் நிம்மதி. மீதி என்ன பாய்?

பத்துமலை


கான்பெரா
28 ஜூலை 2025

அன்புள்ள பத்துமலைக்கு,

அல்ஹம்துலில்லாஹ். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உன் பொட்டலம் வந்தது. நஜ்லா பிரித்தாள், பார்த்தாள், தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெண் அப்படிச் சிரித்து நான் இந்த ஊருக்கு வந்ததிலிருந்து பார்த்ததில்லை. அலமாரியில் மேல்தட்டில் வைத்துக் கதவைச் சாத்து என்று சொன்னேன். அதோடு அந்தக் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஒருநாள் காலையில் வீட்டைச் சூடாக்கும் இயந்திரம் நின்றுபோனது. எல்லாரும் வேலைக்குப் போய்விட்டார்கள். மூன்று சட்டை போட்டேன், கம்பளியைச் சுற்றிக்கொண்டேன். பல் கிட்டியது. வீட்டுக்குள்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று சுவரைப் பிடித்து நடந்து போய் உன் கோட்டை இறக்கினேன். உள்ளே திருப்பிப் பார்த்தால் பெருநாளுக்கு நான் உனக்குக் கொடுத்த கைலி. ஒருமுறைகூட நீ அதைக் கட்டவில்லை என்பது தெரிந்துபோனது. அதைப் பிறகு பேசிக்கொள்வோம்.

தையலைத் தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. ரோமம் ஒரே சீராகக் கீழே படிந்திருந்தது. என் கடைக்கு வந்திருந்தால் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருப்பேன், நிறத்தை மட்டும் கேட்காதே. மாட்டிக்கொண்டு சன்னலில் நின்றேன். உடம்புக்குள் வெயில் ஏறியது போல இருந்தது.

இயந்திரத்தைப் பழுதுபார்க்க ஆள் வருகிறான் என்று நஜ்லா பாதி வேலையில் திரும்பி வந்தாள். வெளியே பக்கத்து வீடுகூடத் தெரியாத பனி. கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள். "வாப்பா! தெரு முனையில இருந்தே தெரிஞ்சீங்க! நம்ம வீடு எதுன்னே தெரியல, சன்னல்ல நீங்க மட்டும் தெரிஞ்சீங்க" என்றாள்.

நான் உடனே, "அப்ப சப்பாத்த குடு" என்றேன்.

"வாப்பா..."

"தெருமுனையில இருந்து தெரியறேன்னு நீதானே சொன்ன? குடுலா."

நாங்கள் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்றோம். கடைசியில் காரிலிருந்து சப்பாத்தை எடுத்து வந்தாள். "பாலம் வரைக்கும் மட்டும். நான் இங்கயேதான் நிப்பேன். கண்ணுல இருந்து மறைஞ்சீங்கன்னா ஓடி வந்து இழுத்துட்டு வந்துருவேன்" என்றாள். அவளே குனிந்து கயிற்றைக் கட்டிவிட்டாள்.

நடந்தேன் பத்துமலை. முதலில் வேலியைப் பிடித்துக்கொண்டு. பிறகு வேலி முடிந்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன், வீடும் இல்லை, மகளும் இல்லை, எல்லாம் வெள்ளை. பயமாகத்தான் இருந்தது. அவளுக்கு நான் தெரிகிறேனா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? பாலத்துக் கைப்பிடியைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன்.

வாசலுக்கு வந்தபோது நஜ்லா அதே இடத்தில், குளிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "போறப்ப முதுகு முழுக்க ஆரஞ்சா தெரிஞ்சுது. அது சின்னதாகிக்கிட்டே போச்சு. ஓடி வந்துரலாம்னு கால எடுத்தேன். அப்பப் பாத்து பச்சை தெரிஞ்சுது. வாப்பா திரும்பிட்டாங்கன்னு தெரிஞ்சுது. அப்படியே நின்னுட்டேன்" என்றாள்.

ஒரே நிறமாக இருந்திருந்தால் பனியில் நான் போகிறேனா வருகிறேனா என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. இதை நீ யோசித்துச் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். கங்காணிக்குப் பயந்து செய்தாய். அதனால் பெருமை அடித்துக்கொள்ளாதே.

மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும். முழங்கால் இன்னும் முனகுகிறது, ஆனால் தானாக எழுந்துவிடுகிறேன். நடைவண்டிப் பேச்சு வீட்டில் இப்போது இல்லை. சப்பாத்து வாசலில் என் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது. காலையில் நஜ்லா தேநீர்க் கோப்பையோடு சன்னலில் நிற்கிறாள். பச்சை தெரிந்ததும் மீதித் தேநீரைக் குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்புகிறாள். நாய் கூட்டி வரும் ஒரு வெள்ளைக்காரக் கிழவி என்னைப் பார்த்தால் கை காட்டுகிறாள். ஒருநாள் கிட்டே வந்து தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். எங்கே வாங்கியது என்றாள். "ஈப்போவில் என் சொந்தத் தையல்காரன்" என்று சொன்னேன்.

ஒருநாள் நடந்துவிட்டு எழுத வேண்டாம், நிலைக்கட்டும் என்றுதான் இவ்வளவு நாள் காத்திருந்தேன். நஜ்லாவையும் சொல்லக் கூடாது என்று தடுத்து வைத்திருந்தேன்.

போன கடிதத்தின் கடைசி வரி. அது எழுந்திருக்க முடியாத ஒருவன் எழுதியது. கறுப்பு மையால் அதை அடித்துவிடு. பக்கத்தில் இருந்தால் நானே வந்து அடித்திருப்பேன். நீ எழுதாமல் இருந்திருந்தால் நான் இந்நேரம் அந்த இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கும் கூடத்துக்கும் போய்வந்துகொண்டிருப்பேன்.

உன்,
அப்துல் ரசாக்


செமோர்
6 ஆகஸ்ட் 2025

ரசாக் பாய் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை வாசல் கேட்டிலேயே நின்று பிரித்தேன். வீட்டுக்குள் போகப் பொறுமை இல்லை. 'அல்ஹம்துலில்லாஹ்' என்ற வார்த்தையைக் கூட்டிப் படிக்கவே எனக்கு நேரம் பிடித்தது. அதைப் படித்து முடித்ததும் பாதி பாரம் இறங்கிவிட்டது. மீதியை நின்றபடியே வெயிலில் படித்தேன். "பச்சை தெரிஞ்சுது" என்ற இடம் வந்ததும் மேலே படிக்க முடியவில்லை.

தினேஸ்வரி உள்ளேயிருந்து ஓடிவந்தாள். "என்ன மாமா, ஏன் அழுறீங்க? யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணும் இல்லமா. பாய் நடக்கிறாரு."

"அதுக்கா அழுறீங்க?" என்று கேட்டுவிட்டு, கடிதத்தை வாங்கி அவளும் படித்தாள். அவள் கண்ணையும் பார்த்தேன். "எல்லாம் உங்க ரெண்டு இடது பக்கத்தால வந்தது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்று மத்தியானம் மீன் குழம்பு. இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, அப்படியே பாயில் படுத்துத் தூங்கினேன். அந்தத் தூக்கம் எத்தனை வாரமாக வர வேண்டியதோ!

அந்த வரியை அடித்துவிட்டேன். கீழே என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாதபடி அடித்தேன். எனக்கும் மறந்துபோய்விட்டது, நீங்களும் மறந்துவிடுங்கள்.

கைலி விஷயம். நான் கட்டவில்லை என்பது உண்மை. கட்டினால் பழசாகிவிடும் என்று மடித்து வைத்திருந்தேன். உள்ளே வைத்துத் தைக்க எடுத்தபோது தினேஸ்வரிகூட, "புதுசா இருக்கே மாமா, வேற பழசு எடுங்களேன்" என்றாள். பாய்க்குப் போகிற கோட்டு, பழைய துணி வைக்க மாட்டேன் என்று சொன்னேன். அதனால் கோபிக்க உங்களுக்கு இடமில்லை.

சொந்தத் தையல்காரன் என்று சொன்னீர்களாமே! அந்தக் கிழவிக்கு ஒன்று வேண்டுமானால் அளவு கேட்டுச் சொல்லுங்கள். இந்த முறை காகிதத்தைத் தினேஸ்வரியே திருப்பிப் போடுவாள். போட்ட பிறகு நான் அதைத் தொடமாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

நஜ்லாவிடம் பாலத்தின் மேல் ஏற அனுமதி கேளுங்கள். கெஞ்ச வேண்டாம், முறைத்துக்கொண்டு நின்றாலே போதும், அது உங்களுக்கு வருகிறது. பாலத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று நீங்கள் இரண்டு கடிதத்திலும் எழுதவே இல்லை. மரங்களா, வீடுகளா, ஒரு தேநீர்க் கடையாவது இருக்கிறதா? அடுத்த வாரம் மறுபடி எழுதுவேன் பாய், முதல் வரியிலேயே அதைத்தான் கேட்பேன். அதற்குள் போய்ப் பார்த்து வையுங்கள்.

இப்படிக்கு,
பத்துமலை